ஆயியின் கால் நனையாத ஆடி

தாராவிக் கழியில் தண்ணீர் ஏறும் சத்தம் நம் வயதுக்காரர்கள் யாருக்காவது இன்னும் காதில் இருக்கிறதா? அலைச் சத்தத்தைச் சொல்லவில்லை. அலையெல்லாம் மாஹிம் பக்கம் கடலோடு நின்றுவிடும். கழிக்குள் வரும் தண்ணீர் ஓசைப்படாமல் வரும். சேற்றுக்கு அடியில் புகுந்து நண்டு வளைகளைக் கீழிருந்து நிரப்பும். வளையில் இருக்கும் காற்று மேலே வந்து உடையும்போது சட், சட், சட்டென்று ஒரு சத்தம் சேறு முழுவதும் பரவும். காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிப்பது போல இருக்கும். அதற்கப்புறம் பார்த்தால், சற்று முன் கறுப்பாகக் கிடந்த இடம் பளபளத்துக்கொண்டிருக்கும்.

எனக்கு அந்தச் சத்தம் இன்னும் போகவில்லை. செம்பூருக்குக் குடிவந்து, டிராம்பே வேலைக்கு ஆபீஸ் பஸ்ஸில் போய்வந்த காலம் முழுவதும், ஓடைப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் ஜன்னல் வழியே எட்டி, தூணில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பேன். என்ன சார், எதையாவது கீழே போட்டுவிட்டீர்களா என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார். ஒன்றுமில்லை என்பேன். எதைக் கண்டாலும் எண்ணுவதும் அளப்பதும் என் வியாதி. மாடிப்படியை எண்ணுவேன், மாத்திரையை எண்ணுவேன், எண்ணியது சரிதானா என்று மறுபடி எண்ணுவேன். வீட்டில் எல்லோருக்கும் அலுத்துவிட்டது. ஆனால் ஒரே ஒரு தடவை அந்த வியாதிக்கு ஒரு வேலை வந்தது. அறுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். எனக்கு ஒன்பது வயது. அந்த ஆடியைப் பற்றி நீங்களும் ஒரு கதை கேட்டிருப்பீர்கள். அது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பாதி, அவ்வளவுதான்.

எங்கள் மளிகைக் கடை அப்போது கோளிவாடா சந்தின் கடைசியில் இருந்தது. நாம் தெற்கிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து சேருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே அந்தக் கழியை ஒட்டிக் குடியிருந்தவர்கள் கோளிகள், மீன்பிடிக்கிறவர்கள். அவர்கள் வீடுகளுக்கு நடுவிலும் பின்னாலும்தான் நாம் குடிசை போட்டோம். எங்கள் கடையும், கடைக்குப் பின்னால் நாங்கள் படுத்த ஒற்றை அறையும் ஒரு கோளி வீட்டின் முன்பாதி. பின்பாதியில் வீட்டுக்காரர், வீட்டுக்காரம்மா, அவர்கள் மகள்.

வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். அமாவாசையிலிருந்து நாள் எண்ணியே தண்ணீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று தூக்கத்திலும் சொல்லக்கூடியவர். வீட்டுக்காரம்மா சேலையைக் கால்களுக்கிடையே இழுத்துச் செருகி, தலையில் மீன்கூடையோடு நடந்து வந்தால் சந்தில் எல்லோரும் ஒதுங்குவார்கள். மகள் என்னைவிட இரண்டு வயது பெரியவள். முன்பல் ஒன்று ஓரத்தில் உடைந்திருக்கும். கையில் எப்போதும் ஒரு கம்பி வைத்திருப்பாள்; பழைய குடைக்கம்பியின் முனையை வளைத்து அவளே செய்தது. அதை வளைக்குள் விட்டு நண்டை இழுப்பாள். எங்கள் பிள்ளைகளோடு வளர்ந்ததால் அவளுக்குத் தமிழ் வரும், பாதி பம்பாய் ஹிந்தி கலந்த தமிழ். என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவாள். மரியாதைக்காக இல்லை. நான் எதையாவது எண்ணிக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் கூப்பிடுவாள்.

ஆடியில் கோளிகள் கடலுக்குப் போகமாட்டார்கள். நாரளி பூர்ணிமா அன்று கடலுக்குத் தேங்காய் போட்டுக் கும்பிட்ட பிறகுதான் படகு இறங்கும். அதுவரை படகுகள் கரையேறி, தென்னோலை போர்த்தி, கவிழ்ந்த மாடுகள் போலக் கிடக்கும். அந்த மாதங்களில் வீட்டில் அடுப்பு எரிவது நண்டில்தான். தண்ணீர் வற்றியதும் பெண்களும் பிள்ளைகளும் சேற்றில் இறங்கி, எதிரே இருக்கும் மரத்திட்டுக்குப் போவார்கள். திவர் என்று அவர்கள் சொல்லும் சேற்று மரங்கள் அடர்ந்த திட்டு. அதன் வேர்கள் தரையிலிருந்து மேல்நோக்கி ஆணி அடித்தாற்போல நிற்கும். அந்த வேர்களுக்கு நடுவில்தான் பெரிய நண்டுகள்.

போவது சுலபம். திரும்புவதில்தான் ஆபத்து. கரைக்கும் திட்டுக்கும் நடுவில் சேற்றுக்குள் ஓர் ஓடை உண்டு. மேலே பார்த்தால் தெரியாது. தண்ணீர் ஏறும்போது முதலில் நிரம்புவது அதுதான். இரு பக்கமும் கணுக்கால் தண்ணீர் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே அது ஆளை இழுக்கும்.

இதற்குத்தான் ஆயி நின்றாள். கரையோரச் சேற்றில், எங்கள் கடை அரிசி மூட்டை உயரத்தில் ஒரு கல். முகம் கிடையாது. நடுவில் ஒரு பள்ளக் கோடு, அது இடுப்பு. மேலிருந்து கீழே வரை எண்ணெயில் குழைத்த செந்தூரம் அப்பி அப்பித் தடித்துப்போய், எந்த வெளிச்சத்திலும் திட்டிலிருந்து பார்த்தால் ரத்தச் சிவப்பாகத் தெரியும். காடிச்சி ஆயி என்பார்கள். காடி என்றால் அவர்கள் பேச்சில் கழி, ஆயி அம்மா.

ஒரு நாள் வீட்டுக்குத் தெரியாமல் வீட்டுக்காரர் மகளோடு திட்டுக்குப் போனேன். முழங்கால்வரை புதைந்து, அழுகிய முட்டையும் துருவும் கலந்த நாற்றத்தில் நான் அழத் தயாராக இருந்தபோது என் கையைப் பிடித்து இழுத்துவிட்டு, தூரத்தில் தெரிந்த சிவப்பைக் காட்டிச் சொன்னாள்.

"ஆயி கால்ல தண்ணி தொட்டா, உடனே கெளம்பு. ஆயி இடுப்புக்குத் தண்ணி வந்தா, போகாதே. மரத்துல ஏறி உக்காந்துக்கோ. அவ்ளோதான். இதுல என்னா ஹிசாப் மாஸ்டர்?" கணக்குக்கு அவள் பேச்சில் ஹிசாப்.

ஆயி கல்லாவதற்கு முன்பு பெண்ணாக இருந்தவளாம். புருஷன் படகு திரும்பவில்லை என்று தேடித் தண்ணீருக்குள் நடந்தாள். இடுப்பளவு வந்ததும் கடல் அவளிடம், இதற்கு மேல் வந்தால் உன்னையும் எடுத்துக்கொள்வேன் என்றது. அவள் திரும்பவும் இல்லை, மேலே போகவும் இல்லை. அங்கேயே நின்றுவிட்டாள். அதனால்தான் தண்ணீர் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும் என்றாள் வீட்டுக்காரர் மகள். "அவ தூங்க மாட்டா. பாத்துட்டே நிக்கிறா."

அன்று தண்ணீர் ஆயியின் காலைத் தொட்டதும் கிளம்பினோம். ஓடையில் எனக்கு முழங்காலுக்குச் சற்று மேலே வந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று தெரியாது. அளந்ததை எல்லாம் வைத்துக்கொள்வது வழக்கம்.

ஆடி பிறப்பதற்கு முன்பே ஊருக்குப் போயிருந்த சித்தப்பா, அப்பாவின் தம்பி, பிடிமண்ணோடு திரும்பிவந்தார். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிழைக்கப் போன இடத்தில் நம் சாமிக்கு ஒரு இடம் வேண்டுமென்றால் ஊர்க் கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து வந்து அங்கே பதிக்க வேண்டும். இசக்கியம்மன் கோயில் மண். மஞ்சள் துணியில் முடிந்து, இரண்டு ராத்திரி ரயிலில் மடியிலேயே வைத்திருந்தாராம். தரையில் வைக்கக்கூடாது. கக்கூசுக்குப் போக வேண்டியிருந்தபோது எதிரே இருந்த பட்டாளத்துக்காரரிடம் கொடுத்து, அவர் எழுந்து நின்று அட்டென்ஷனில் பிடித்துக்கொண்டிருந்தார் என்று சித்தப்பா சொல்லும்போது அப்பாவும் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம்.

மறுநாள் சித்தப்பா கழிக்கரைக்குப் போனார். ஆயியைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். கண் கலங்கியிருந்தது.

"அண்ணாச்சி, அது நம்ம இசக்கில்லா. பாத்ததும் மேலெல்லாம் சிலுத்துட்டு. அவ நமக்கு முன்னாலயே வந்து நிக்கா. அவள அந்தச் சாக்கடைத் தண்ணியில நிக்க விட்டுட்டு நாம யாவாரம் பண்ணுதோம். வெளங்குமா?"

அது அவர்கள் சாமி, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது என்று அப்பா சொன்னார். கேட்டார்கள். பீடம் கட்டி அம்மனை உயர்த்தி வைக்கலாமா என்று கேட்க நம் ஆட்கள் ஏழு பேர் போனார்கள். பட்டறைக்காரர், சைக்கிள் கடைக்காரர், எல்லோரும் சட்டை மாற்றிக்கொண்டு போனார்கள். தேவி எல்லோருக்கும் தேவிதான், உயரத்தில் உட்காரவைத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று வீட்டுக்காரர் சொன்னார். சந்தோஷமாகத்தான் சொன்னார். தன் வீட்டுத் தரைக்கு என்று வைத்திருந்த சிமெண்டில் ஒரு மூட்டை தானே தூக்கிவந்தார். இத்தனை காலம் அந்தக் கரையில் நாம் இருந்தும், அவர்கள் சாமியை நாம் கும்பிட வந்தது அவருக்குப் பெருமை.

இப்போது நினைக்கும்போதுதான் எனக்குப் புரிகிறது. அவர்களில் எவரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வீட்டுக்காரருக்கும் மற்ற படகுக்காரர்களுக்கும் தண்ணீர் கணக்கு நிலாவில் இருந்தது. ஆயியைப் பார்த்துத் தண்ணீர் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அவர்களுக்கு எந்நாளும் இருந்ததில்லை. அந்தத் தேவை இருந்தது கூடையோடு சேற்றில் இறங்கியவர்களுக்கு. அவர்களை யாரும் கேட்கவில்லை. வீட்டுக்காரம்மா அன்று கூடையோடு சயான் பக்கம் போயிருந்தார். திரும்பி வந்தபோது கல்லைப் பெயர்த்துக் கரையில் சாய்த்துவைத்து, அது நின்ற குழியில் பீடத்துக்கு அடித்தளம் போட்டிருந்தார்கள். கூடையை இறக்காமல் அப்படியே சிறிது நேரம் நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். ஆண்கள் எல்லோரும் சேர்ந்து செய்த காரியம். சாமி காரியம் வேறு.

பீடம் எழும்பியபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஐந்து வரிசைச் செங்கல். மேலே மட்டும் சிமெண்ட் பூச்சு, சுற்றிலும் வெள்ளைச் சுண்ணாம்பு. அதன்மேல் ஆயி. கல்லுக்கு அடியில் மஞ்சள் துணி முடிச்சு. என் சாணால் அளந்தேன். பழைய இடத்தில் ஆயியின் இடுப்பு எங்கே இருந்ததோ அங்கே இப்போது அவள் கால் இருந்தது. அதைவிட விரலளவு கூடுதலாகவே.

அவள் காலைத் தண்ணீர் தொடும்போது ஓடையில் எனக்கு முழங்கால். இனிமேல் அவள் காலைத் தொடும்போது ஓடையில் நெஞ்சு. அதிலும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும்.

அப்பாவிடம் சொன்னேன். கடையில் கூட்டம். பருப்பை நிறுத்துப் போடு என்றார். சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "ஏலே, அம்மன ஒசத்தி வச்சா ஒனக்கு என்னல கணக்கு?" என்று தலையில் தட்டினார். அம்மாவிடம் சொன்னேன். அம்மா மட்டும் அரிசி களைந்த கையோடு கொஞ்சம் யோசித்தாள். பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றாள். அப்படிச் சொல்லிவிட்டுப் பின்பாதி வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

கடைசியாக வீட்டுக்காரர் மகளிடமே சொன்னேன். கம்பியைத் தேய்த்துக் கூராக்கிக்கொண்டிருந்தாள். ஐந்து வரிசை என்று கையை விரித்துக் காட்டினேன். அவள் என் கையைப் பார்க்கவில்லை.

"ஆயி எங்க நின்னாலும் ஆயிதானே. அவளுக்குத் தெரியும். உனக்கு என்னா டர்?" பயம் என்பதைத்தான் டர் என்றாள்.

எனக்கு அவள் சொன்ன விதி ஓர் அளவு. அவளுக்கு அது ஆயி கொடுத்த வாக்கு. அளவு மாறும். வாக்கு எப்படி மாறும்? இதை அன்று இப்படி யோசிக்கத் தெரியவில்லை. கோபம் மட்டும் வந்தது.

ஆடி அமாவாசை வெள்ளிக்கிழமையில் வந்தது. பெரிய படையல். அம்மனுக்குச் சிவப்புப் பட்டு கட்டி, எலுமிச்சை மாலை போட்டு, சித்தப்பா உடுக்கடித்தார். உச்சி வேளையில் தண்ணீர் ஏறிவந்தது. எல்லோரும் பார்த்தோம். பீடத்தின் நான்காவது வரிசையைத் தொட்டு, அங்கேயே தயங்கி, பின்வாங்கியது. அம்மன் கால் நனையவில்லை. நம் ஆட்கள் குலவையிட்டார்கள். கோளி ஆண்களும் கைதட்டினார்கள். கால் நனையவில்லை, கால் நனையவில்லை என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கூட்டத்துக்குப் பின்னால் வீட்டுக்காரம்மா மட்டும் பீடத்தைப் பார்க்காமல் எதிர்த் திட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அமாவாசைக்கு அடுத்த இரண்டாம் நாள்தான் தண்ணீர் அதிகம் ஏறும். அது ஞாயிற்றுக்கிழமை.

விடிகாலையில் மழை விட்டிருந்தது. வீட்டுக்காரம்மா கூடையோடு போய்விட்டார். வீட்டுக்காரர் படகுக்குக் கயிறு வாங்க வடாலாப் பக்கம் போயிருந்தார். மகள் கம்பியையும் மூங்கில் கூடையையும் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்குவதைக் கடைவாசலிலிருந்து பார்த்தேன். தனியாகத்தான் போனாள். ஞாயிறென்றால் கடையில் எனக்கு வேலை உண்டு. எண்ணெய் அளந்தேன், கருப்பட்டி உடைத்தேன். காது மட்டும் கழியில் இருந்தது.

சட், சட், சட்.

அளவையைப் போட்டுவிட்டு ஓடினேன். அப்பா பின்னால் கூப்பிட்டார். கரைக்கு வந்தபோது தண்ணீர் பீடத்தின் இரண்டாம் வரிசையில் இருந்தது. திட்டில் மரங்களுக்கு வெளியே அவள் நின்றிருந்தாள். கையை நெற்றியில் வைத்து ஆயியைப் பார்த்தாள். ஆயியின் காலுக்குக் கீழே இன்னும் வெள்ளைச் சுண்ணாம்புப் பீடம் தெரிந்தது. நிறைய நேரம் இருக்கிறது. மறுபடி குனிந்து இன்னொரு வளைக்குள் கம்பியை விட்டாள்.

கத்தினேன். காற்று கடலிலிருந்து வந்தது, என் சத்தத்தை என் முகத்திலேயே திருப்பி அடித்தது. இரு கையையும் ஆட்டினேன். அவளும் கம்பியை உயர்த்தி ஆட்டினாள். தினமும் அப்படித்தான் ஆட்டிக்கொள்வோம்.

மூன்றாம் வரிசை போயிற்று. கடைக்கு ஓடி அப்பாவைக் கூப்பிட்டு, அவருக்குப் புரியவைத்து, அவர் வேட்டியை மடித்துக் கட்டி வருவதற்குள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தது. கரையில் படகுகள் ஓலைக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தன. எட்டு ஆண்கள் இல்லாமல் ஒன்றையும் புரட்ட முடியாது. நான்காம் வரிசை. இப்போது தண்ணீர் ஓடையில் எனக்கு இடுப்புக்கு மேல். பீடம் முழுவதும் மூழ்கினால், அங்கிருந்து பார்க்கும்போது முன்பு எப்போதும் தெரிந்த மாதிரியே இருக்கும். சிவப்புக் கல், அதன் காலில் தண்ணீர். உடனே கிளம்பு என்று அர்த்தம்.

அப்படியே ஆயிற்று. ஐந்தாம் வரிசைமேல் தண்ணீர் விரிந்ததும் அவள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். யோசிக்கவில்லை. அவள் என் சத்தத்தைக் கேட்கமாட்டாள், என் கையைப் பார்க்கமாட்டாள். அவள் பார்ப்பது ஒன்றே ஒன்று. தண்ணீருக்குள் இறங்கிப் பீடத்தைப் பிடித்துக்கொண்டேன். ஆயியின் பட்டை உருவி எறிந்தேன். எலுமிச்சை மாலை அறுந்து தண்ணீரில் மிதந்து போயிற்று. முங்கி, அடியிலிருந்து சேற்றை அள்ளினேன். கறுப்பு, ஒட்டும் சேறு. காலிலிருந்து தொடங்கினேன். பிறகு இடுப்பு. பிறகு மேலே. செந்தூரத்தின்மேல் வழுக்கியது, திரும்பத் திரும்ப அப்பினேன். அவள் தலைவரைக்கும் அப்பினேன். முகம் இல்லாத அந்தக் கல் அப்போது என்னைப் பார்ப்பது போல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அப்பினேன்.

கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தேன். அவள் ஓடைக்குப் பக்கத்தில் வந்திருந்தாள். தண்ணீர் தொடையைத் தாண்டியிருந்தது. தலையில் கூடையோடு அப்படியே நின்றாள். இந்தப் பக்கம் சிவப்பே இல்லை. சேறும் தண்ணீரும் மட்டும். ஆயி முழுகிப் போயிருந்தாள்.

எவ்வளவு நேரம் நின்றாள் என்று நான் எண்ணவில்லை. என் வாழ்க்கையில் எண்ணாமல் விட்டவை மிகக் குறைவு. பிறகு கூடையைக் கீழே விட்டாள். கூடை சுழன்றுகொண்டே ஓடைக்குள் போய், ஒரு பக்கம் சாய்ந்து, தெற்கே இழுபட்டு மறைந்தது. அவள் திரும்பினாள். விழுந்து எழுந்து, வேர்களைப் பிடித்து, பெரிய திவர் மரத்தில் ஏறினாள்.

அப்போதுதான் என் தலைமுடி பின்னாலிருந்து பிடிபட்டது. சித்தப்பா. மூன்றாம் நாள் பூஜைக்குப் பூவோடு வந்திருக்கிறார். பூத்தட்டு கரையில் சிதறிக் கிடந்தது. அவர் என்னை அடித்ததை நான் குறையாகச் சொல்லமாட்டேன். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அடித்திருப்பார்கள். இரண்டு ராத்திரி மடியில் வைத்து மண் கொண்டுவந்தவர், தன் அண்ணன் மகன் அம்மன் முகத்தில் சாக்கடைச் சேற்றை அப்புவதைப் பார்க்கிறார்.

ஓடையில் இழுக்கும், அவள் மரத்தில் இருக்கிறாள் என்று நான் அலறினேன். "மரத்துலதான இருக்கா? நல்லாத்தான இருக்கா? அதுக்கு அம்மன் மூஞ்சில சேத்த அப்புவியால?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். நடக்காமல் போன ஒன்றை எப்படிக் காட்டுவது?

கூட்டம் சேருவதற்குள் மழை பிடித்தது. ஆடி மழை, குடம் குடமாக. அந்த மழையிலேயே வீட்டுக்காரம்மா வந்து சேர்ந்தார். மகள் மரத்தில் இருப்பதைப் பார்த்ததும் கரையில் நின்றுவிட்டார். தண்ணீர் ஏறிக்கொண்டே போயிற்று. மரத்தின் கீழ்க்கிளைகள் மறைந்தன. அவள் இன்னொரு கிளைக்கு ஏறினாள். அது வளைந்து ஆடியது. ஆண்கள் ஒரு படகைப் புரட்டப் பார்த்து, தார் பூசாத பலகையில் தண்ணீர் புகுவதைக் கண்டு விட்டுவிட்டார்கள். என் அம்மா மட்டும் போய் வீட்டுக்காரம்மா பக்கத்தில் நின்றாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள்.

உச்சிக்குப் பிறகு தண்ணீர் தயங்கி நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது. சாயங்காலம் பீடம் வெளியே வந்த பிறகு அவள் மெதுவாக நடந்து கரையேறினாள். உதடு நீலமாயிருந்தது. கம்பியை விடவில்லை. என்ன ஆயிற்று என்று எல்லோரும் கேட்டார்கள்.

"ஆயி தண்ணிக்குள்ள போயிட்டா. அதான் நான் வரல."

எல்லோரும் திரும்பி ஆயியைப் பார்த்தார்கள். மழை சேற்றை எல்லாம் கழுவியிருந்தது. பட்டுச் சேலை இல்லாமல், மாலை இல்லாமல், செக்கச் செவேலென்று நின்றாள். சித்தப்பா சேற்றில் விழுந்து கும்பிட்டார். அவருக்குப் பின்னால் நம் ஆட்கள், கோளிகள், எல்லோரும் விழுந்தார்கள். அம்மன் தானே தண்ணீருக்குள் இறங்கிக் காட்டி, பிள்ளையைக் காப்பாற்றிவிட்டு, மறுபடி மேலே வந்துவிட்டாள். நீங்கள் கேட்டிருக்கும் கதை இதுதான். நான் அம்மனுக்குச் செய்த பாவமும் ஊரில் பேசப்பட்டது, ஆனால் தனியாக, வேறு ஒரு கதையாக. அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் ஒருவர்கூடச் சொன்னதில்லை.

மறுநாள் காலை வீட்டுக்காரம்மா கடைக்கு வந்தார். அப்பா உள்ளே இருந்தார். ஒரு தேங்காய் வாங்கினார். பிறகு என் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ரேகைகளுக்குள் கறுப்பு இன்னும் போகவில்லை. அம்மா எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

"கித்னா, பேட்டா?" என்றார். எத்தனை என்று.

ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார். காசைக் கல்லாவில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நாரளி பூர்ணிமா வந்தது. கோளிகள் கொட்டு முழக்கத்தோடு தேங்காயைக் கழியில் விட்டார்கள். நம் ஆட்களும் இருந்தார்கள். கொட்டு உச்சத்தில் இருந்தபோது வீட்டுக்காரம்மாவுக்கு அருள் வந்தது. முடி அவிழ்ந்து, உடம்பு முறுக்கி, தரையில் அறைந்து மராத்தியில் ஏதோ கேட்டார். ஒரு கோளி அதை ஹிந்தியில் சொல்ல, அப்பா தமிழில் சொன்னார். "என் காலைத் தண்ணியிலிருந்து எடுத்தது யாரு? என் காலு எரியுது. இறக்குங்க."

அம்மன் நம் பாஷையில் பேசக்கூடாதா என்று சைக்கிள் கடைக்காரர் முணுமுணுத்தார். சித்தப்பா அவரை முறைத்தார். "நிக்க எடத்து பாஷையிலதான் பேசுவா. நீ ஒம் பாட்டுக்குக் கெட."

கடப்பாரையை எடுத்தவர் சித்தப்பாதான். அழுதுகொண்டே ஐந்து வரிசையையும் பெயர்த்தார். அடியிலிருந்து மஞ்சள் முடிச்சு வந்தது, ஈரத்தில் நிறம் மங்கி. அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அருள் தணியாத நிலையிலேயே வீட்டுக்காரம்மா அதை அவர் கையிலிருந்து வாங்கி, ஆயி முன்பு நின்ற குழியில் வைத்து, சேற்றால் மூடினார். அதன்மேல் ஆயியை இறக்கினார்கள். அவருக்கு நிஜமாகவே அருள் வந்ததா என்று எத்தனையோ ராத்திரி யோசித்திருக்கிறேன். அந்தக் கணக்கு மட்டும் எனக்குச் சரியாக வருவதே இல்லை.

அடுத்த நாள் காலை வீட்டுக்காரர் மகள் புதுக் கூடையோடு மறுபடி திட்டுக்குப் போனாள். நான் கரையில் நின்றேன். சட், சட் என்று தொடங்கியது. தண்ணீர் வந்து ஆயியின் காலைத் தொட்டது. அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். இறங்கினாள். ஓடைக்கு வந்தாள். அவள் நடந்தாள், நடந்தாள், இந்தப் பக்கம் ஏறினாள். பாவாடையின் ஈரக்கோடு முழங்காலுக்குச் சற்று மேலே இருந்தது.

எதிரே வந்து நின்று, நண்டுகள் உரசும் கூடையை இறக்கினாள். கால் கழுவிக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"மாஸ்டர், அடுத்த தடவ கண்ணுல மட்டும் பூசாதே. ஆயிக்கு எரியும்ல."